எனக்குத் தெலுங்கு தெரியும்

சின்ன காஞ்சிபுரம்
4-8-1968

அன்புள்ள அம்சா அண்ணிக்கு,

உங்கள் அப்பா, அம்மா, பரசுராமன் அண்ணன் எல்லோரும் சௌக்கியமா? நீங்கள் பிறந்த வீட்டுக்குப் போய்ப் பத்து நாளாகிறது. "கோவிச்சிக்கினு போனவ, அவளே வரட்டும்" என்கிறாள் அம்மா. பெரியண்ணனும் அப்படித்தான் சொல்கிறார். அண்ணன் உங்கள் பேரையே எடுப்பதில்லை.

நாம் சேர்ந்து பார்த்த தெலுங்குப் படத்தை நேற்று மறுபடியும் பார்த்தேன், அண்ணி. அந்தப் பெரிய குடும்பத்தில் மூத்த மருமகளைச் சந்தேகப்பட்டு வாசலில் நிறுத்துகிறார்களே, அங்கே தேம்பித் தேம்பி அழுதேன். பக்கத்தில் தமிழில் சொல்ல நீங்கள் இல்லை, பாதி விளங்கவில்லை. சீக்கிரம் வந்துவிடுங்கள்.

உங்கள் ஆசை நாத்தனார்
காந்தா

---

வாலாஜாபாத்
8-8-1968

காந்தாவுக்கு ஆசீர்வாதம்.

நான் கோபித்துக்கொண்டு வரவில்லையம்மா. "பங்க பிரிச்சி வாங்கிக்கினு தனியா போலாம், இந்தக் கிழவிக்கு எத்தினி நாளு பொங்கிப் போடறதுன்னு உங்க அண்ணன்கிட்ட சொன்னியாமே" என்று கேட்டு, உன் அண்ணன்தான் பஸ் ஏற்றிவிட்டார்.

அன்று என் அண்ணனும் நானும் பேசியது தெலுங்கில். உங்கள் வீட்டில் தெலுங்கு உன் தாத்தாவோடு போயிற்று. பிறகு யார் சொன்னது?

அது அந்தப் படத்தில் சின்ன மருமகள் பேசும் வசனம். கொட்டகையில் அதை உன் காதில் தமிழில் சொன்னவளே நான்தான்.

அம்சா

---

சின்ன காஞ்சிபுரம்
10-8-1968

அண்ணி,

நான்தான்.

பரசுராமன் அண்ணன் வந்துபோன அன்று உங்கள் கண் சிவந்திருந்தது. பெரியண்ணன் என்னைக் கூப்பிட்டு, "நீதான் தெலுங்குப் படம் ஒண்ணு உடாம பாக்கறியே, என்னாம்மா பேசிக்கினாங்க?" என்றார். எனக்குத் தெலுங்கு தெரியும் என்று தெரு முழுக்கப் பீற்றிக்கொண்டிருந்தேன். தெரியாது என்று சொல்ல வெட்கம். இடுப்பில் கை வைத்து, அந்த நடிகை மாதிரியே அந்த வசனத்தைச் சொன்னேன். சிரிப்பார்கள் என்று நினைத்தேன். யாரும் சிரிக்கவில்லை. அண்ணன் கையில் நூல் ஓட்டும் நாடாவோடு தறியில் அப்படியே உட்கார்ந்திருந்தார். அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம்.

உங்கள் காலில் விழுகிறேன். யாரிடமும் சொல்லாமல் வந்துவிடுங்கள். இதைக் கிழித்துப் போடுங்கள்.

காந்தா

---

வாலாஜாபாத்
13-8-1968

காந்தா,

அன்று நான் அழுதது அப்பாவுக்காக. அவருக்குக் கண் மங்கிக்கொண்டே வருகிறது. தெரிந்தால் "இனிமே பொறந்த வூடே கதின்னு கெடப்பா" என்பார்களோ என்று பயந்து தெலுங்கில் பேசினேன்.

பேசாமல் வா என்கிறாய். வந்தால் தப்பு செய்து மன்னிக்கப்பட்டவளாகத்தான் அந்த வீட்டில் இருக்க வேண்டும். என்னால் முடியாது.

உன் கடிதத்தைக் கிழிக்கவில்லை, இதோடு திருப்பி அனுப்புகிறேன். எல்லோர் முன்னாலும் உன் வாயால் படி. முடியாவிட்டால் இனி எனக்கு எழுத வேண்டாம்.

அம்சா

---

சின்ன காஞ்சிபுரம்
16-8-1968

அண்ணி,

இன்று காலை எல்லோரும் தறியில் இருக்கும்போது நின்று படித்தேன். பெரியண்ணன், "சினிமாவுல வந்ததா?" என்று மட்டும் கேட்டார். அம்மா, "எம் முன்னாடி நிக்காத" என்றாள். அண்ணன் நாடாவை வைத்துவிட்டு எழுந்துபோய் முகம் கழுவினார், சட்டை போட்டுக்கொண்டார். "நீயும் வா" என்றார். எனக்கு உங்களைப் பார்க்க முகமில்லை. இந்தக் கடிதத்தை அவரிடமே கொடுத்தனுப்புகிறேன். அவரோடு வருவதும் வராததும் உங்கள் இஷ்டம்.

அப்பாவுக்குக் கண் இப்போது எப்படி இருக்கிறது?

படிப்பதற்கு முன்னால் அவர்களிடம் ஒன்று சொன்னேன். உங்களிடமும் சொல்கிறேன். எனக்குத் தெலுங்கு தெரியாது, அண்ணி.

காந்தா