ரோட்டில் சிந்திய உப்பு

அக்கா,

இன்று காலை உன் கறுப்பு ஷூவைப் பெட்டியிலிருந்து மறுபடி எடுத்தேன். முனையைச் சுற்றி அலை அலையாக வெள்ளைக் கோடு. அம்மா துடைக்கச் சொன்னாள். நான் துடைக்கவில்லை.

இதை முதலில் போட்டோவில்தான் பார்த்தேன். போன தை மாதம் நெதர்லாந்திலிருந்து அனுப்பியிருந்தாய். சைக்கிளைப் பிடித்தபடி சிரித்துக்கொண்டு நின்றாய். தினமும் இதில்தான் யுனிவர்சிட்டிக்குப் பாடம் எடுக்கப் போகிறாயாம்.

அப்போதே எனக்குச் சந்தேகம். இங்கே பால்வாடி டீச்சர்கூட ஸ்கூட்டியில் வருகிறார். போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பேன்ட் ஓரம், ஷூ, செயின் எல்லாவற்றிலும் வெள்ளை பூத்திருந்தது. ஒன்பதாவதோடு நின்று உப்பளத்துக்கு வந்தவளுக்கு வேறு எது தெரியாவிட்டாலும் இது தெரியும். உப்புத் தண்ணீர் காய்ந்தால் அப்படித்தான் கோடு போடும். என் பாவாடை ஓரத்திலும் அதே கோடு.

நீ அங்கே உப்பளத்தில் வேலை செய்கிறாய் என்று முடிவு கட்டினேன். எதிர் வீட்டு மாமாவை டிரைவர் வேலை என்று கூட்டிப்போய் ஒட்டகம் மேய்க்க விட்டார்களே. உன்னையும் அப்படி ஏமாற்றிவிட்டார்கள், நீ வெட்கப்பட்டு மறைக்கிறாய் என்று நினைத்தேன்.

யாரிடமும் வாய் திறக்காதவள் உன்னிடம் மட்டும் கேட்டேன். "ஷூல இன்னாக்கா அது?"

"உப்புடி. பனி உறைஞ்சி ரோடு வழுக்கும். லாரில வந்து தூவிட்டுப் போவாங்க."

"உப்ப எவனாவது ரோட்டுல கொட்டுவானா?"

விழுந்து விழுந்து சிரித்தாய். "நானும் மொத நாளு அள்ளலாமான்னு பாத்தேன். நம்ம புத்தி எங்க போவும்."

அந்தச் சிரிப்பையும் நான் நம்பவில்லை. அம்மாவிடம் சொன்னேன். எந்த வேலையாக இருந்தால் என்ன, கேட்காதே என்றாள். ஆனாலும் நீ கூப்பிடும்போதெல்லாம் கேட்டேன். கிளாஸைக் காட்டு, பசங்களைக் காட்டு என்றேன். பசங்களைக் கேட்காமல் படம் எடுக்கக் கூடாது என்றாய். அதுவும் சாக்காகத்தான் பட்டது.

கடைசியில் ஒரு நாள், "நீகூட என்ன நம்பலயாடி?" என்றாய். போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். அதற்குப் பிறகு நாம் பேசவில்லை.

உன்னோடு பாடம் எடுத்த ஒரு மலையாளத்து அம்மா உன் பெட்டியோடு வீட்டுக்கு வந்தார். கிளாஸுக்கு நேரமாகிவிட்டதென்று அன்றைக்குக் குறுக்குச் சந்தில் திரும்பினாயாம். அந்தச் சந்துக்கு உப்பு லாரி வருவதில்லையாம். சைக்கிள் வழுக்கி, தலை சுவரில் மோதி, அங்கேயே உயிர் போய்விட்டதாம். நம் அம்மா அழுதாள். நான் அந்த அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். யாராவது சொல்லிக்கொடுத்து அனுப்பியிருப்பார்களோ?

அவர் போனதும் உன் ஷூவைச் சுரண்டி நாக்கில் வைத்தேன். உப்புத்தான். கூடவே கரகரவென்று கறுப்பாக ரோட்டுப் பொடி. எந்த உப்பளத்திலும் அது இருக்காது, அக்கா.

மூட்டை ஏற்றிய லாரி திண்டிவனம் ரோட்டில் திரும்பும்போது கொஞ்சம் உப்பு சிந்தும். முன்பெல்லாம் சைக்கிளை நிறுத்தித் துப்பட்டாவில் அள்ளிக்கொள்வேன். இப்போதும் நிறுத்துகிறேன். அள்ளுவதில்லை. செருப்புக் காலால் திருப்பம் முழுக்கப் பரப்பிவிட்டுப் போகிறேன்.

நேற்று என்கூட வேலை செய்கிறவள் பார்த்துவிட்டு, "இன்னாடி பண்ற?" என்று கேட்டாள். நான் சைக்கிளில் ஏறிவிட்டேன். சொன்னால் நம்பமாட்டாள்.