தவளை தூக்கிய கால்

ஐப்பசி, செவ்வாய் இரவு.

என் மனைவியின் தம்பி முருகேசன் காமயகவுண்டன்பட்டியில் கிணறு வெட்ட வெடி வைப்பவன். இன்று எங்கள் ஏலத்தோட்டத்து ஓடையில் மீனுக்காக வெடித் தோட்டாவைக் கொளுத்திப் போட்டான். கிணற்றுப் பாறையைப் பிளக்கிற அளவு மருந்து. மீனெல்லாம் கூழாகிவிட்டது. பாறையெங்கும் கட்டைவிரல் அளவுத் தவளைகள் வயிறு கிழிந்து கிடந்தன.

வேலைக்குப் போகையில் தினமும் அவற்றைப் பார்ப்பேன். இரண்டு ஆண் தவளைகள் முறைத்துக்கொண்டால், ஒன்று பின்னங்காலைத் தூக்கி விரித்துக் காட்டும். மற்றது விலகிவிடும். அவ்வளவுதான் அவற்றின் சண்டை.

முருகேசன் சிரித்தான். "போனாப் போகுது மாமா, தவளைதான!"

கல்லை எடுத்து அவன் வாயில் அடித்தேன். பல் தெறித்தது.

"ஏலே, இப்பச் சிரிடா!"

மல்லாந்து விழுந்தவன் ரத்தத்தோடு கையைத் தூக்கி விரித்தான். "போதும் மாமா."

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய மனைவி உள்ளே வரவில்லை. வாசலில் நின்றபடியே கேட்டாள்: "அவன் கையத் தூக்கின பெறகும் அடிச்சீகளாமே?"

அடித்தேன்.