ஆபீசுக்கு லினக்ஸ் வந்த பிறகு

வியாசர்பாடி,
ஜனவரி 2006

அன்பு மகள் மகிழினிக்கு அப்பா எழுதுவது. இங்கே நான், அம்மா, தம்பி சித்தார்த் மூவரும் நல்லபடியாக இருக்கிறோம், நொய்டா பனியில் நீயும் அப்படியே இருக்க வேண்டும் என்பதுதான் எங்கள் நினைப்பெல்லாம். போகிக்குத் தெருவெல்லாம் டயர் கொளுத்தியதில் அம்மாவுக்கு இருமல் பிடித்து இப்போதுதான் தேவலை. சித்தார்த் படிக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு கேரம் கிளப்பில் உட்கார்ந்திருக்கிறான், நீ ஒரு வார்த்தை சொல், நான் சொன்னால் காதில் ஏறுவதில்லை.

போனில் நீ ஆபீஸ் எப்படிப்பா இருக்கு என்று கேட்டபோது நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டேன், அம்மா பக்கத்திலேயே இருந்தாள். தீபாவளி முடிந்ததும் எங்கள் முதலாளி, கம்ப்யூட்டரில் திருட்டு விண்டோஸ் சிடி போட்டு ஓட்டுகிற ஆபீசுகளில் சோதனை வருகிறது என்று யாரோ சொல்லிப் பயந்துபோய், உன் பொண்ணு கம்ப்யூட்டர் வேலைலதானே இருக்கு, கேட்டுச் சொல்லு வரதா என்றார் அல்லவா, நீயும் விண்டோசுக்குப் பதில் லினக்ஸ் போடச் சொல்லுங்கப்பா, இலவசம், வைரஸ் வராது, யாருக்கும் பயப்பட வேண்டாம் என்றாய், நான் அதை அப்படியே போய்ச் சொன்னேன். சர்வீஸ் செய்கிற ஜஹாங்கீர் வந்து எல்லாக் கம்ப்யூட்டரிலும் போட்டுக் கொடுத்தார். நீ சொன்னதில் ஒன்றுகூடப் பொய்யில்லை கண்ணு. லெட்டர், கணக்கு, மெயில் எல்லாம் அதிலேயே ஓடுகிறது, கம்ப்யூட்டர் பெட்டி பாதியில் நின்றுபோவதே இல்லை. நானும் தட்டுத்தடுமாறிப் பழகிக்கொண்டேன்.

அய்யாத்துரை மாமாவுக்குத்தான் வரவில்லை. என் பக்கத்து மேஜைக்காரர், கொருக்குப்பேட்டையிலிருந்து சைக்கிளில் வருவாரே, உன் பிளஸ் டூ மார்க்கைக் கேட்டுவிட்டு ஆபீஸ் முழுக்க மிக்சர் வாங்கிக் கொடுத்தவர். டைப்ரைட்டர் காலத்திலிருந்து கப்பலில் ஏற்றுகிற சரக்குக்காக ஹார்பருக்குப் போகிற பேப்பர் எல்லாம் அவர் அடித்ததுதான். புதுசில் எல்லாம் இடம் மாறியிருக்கவும், "இன்னா வரதா, நம்ம வூட்லயே நாமளே விருந்தாளி கணக்கா கீது" என்று சிரிப்பார். அதில் ஒரு விஷயம், ஒரே பெயரை இங்கிலீஷ் பெரிய எழுத்தில் ஒரு தரமும் சின்ன எழுத்தில் ஒரு தரமும் அடித்து வைத்தால் இரண்டு ஃபைலாகிவிடும், பழையதில் இரண்டும் ஒன்றுதான். மாமா ஒரு பார்ட்டியின் சரக்கு எடையை ஒன்றில் திருத்திவிட்டுத் திருத்தாத மற்றொன்றைப் பிரிண்ட் எடுத்து அனுப்பிவிட்டார். எடை ஒத்துவரவில்லை என்று கன்டெய்னர் ஹார்பரிலேயே நின்றுவிட்டது, கப்பல் போய்விட்டது. முதலாளி எல்லார் முன்னாலும் கத்தினார். மாமா, "நா திருத்தினேன் சார், மெய்யாலுமே திருத்தினேன் சார்" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். எனக்குப் பொறுக்காமல் இரண்டு ஃபைலையும் திறந்து முதலாளிக்குக் காட்டினேன், மாமா மேல் தப்பில்லை என்று புரியட்டும் என்றுதான். முதலாளி இரண்டையும் பார்த்துவிட்டு, உனக்குத்தான் எல்லாம் தெரியுதே, அவர் வேலையையும் இனிமே நீயே பாரு என்றார். அதோடு மாமா வர வேண்டாம் என்றாகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போனேன். சொக்கம்மாள் அத்தை டீ கொடுத்துவிட்டு, "ஏண்ணா, பழைய மாதிரி ஒரே ஒரு பொட்டிய அவருக்கு உட்டு வச்சிருக்கக் கூடாதா" என்று கேட்டாள். வா, நான் கற்றுக் கொடுக்கிறேன், முதலாளியிடம் பேசிப் பார்க்கிறேன் என்று மாமாவிடம் சொன்னேன். "வேணாம் வரதா, நீ பேசினா உன்னியும் வூட்டுக்கு அனுப்சிருவான்" என்றார். லினக்ஸ் போடச் சொன்னது நீ என்று அவருக்குத் தெரியும். ஆனாலும் "மகிழினி நல்லா கீறாளா" என்று மட்டும் கேட்டார். பழைய மாதிரியே எல்லாம் அதே இடத்தில் தெரிகிறபடி வைத்துக் கொடுக்க முடியுமாம், கேட்டிருந்தால் அன்றைக்கே செய்திருப்பேன் என்று ஜஹாங்கீர் இப்போது சொல்கிறார். கேட்க வேண்டும் என்று எங்களுக்குத் தெரியவில்லையே. மாமா இப்போது ரயில்வே கூட்ஸ் யார்டில் மூட்டை எண்ணப் போகிறார். நேற்று பஸ்ஸிலிருந்து பார்த்தேன், தலையில் துண்டு போட்டுக்கொண்டு வெயிலில் நின்றிருந்தார். கூப்பிட வாயெடுத்தேன், பஸ் நகர்ந்துவிட்டது. முதலாளி மேலும் கோபம் வரவில்லை, உன் மேலும் வரவில்லை, யார் மேல் வர வேண்டும் என்றே தெரியாமல் ஆபீசுக்குப் போய் அவர் வேலையையும் சேர்த்துச் செய்துவிட்டு வருகிறேன்.

உன்னைக் குறை சொல்ல எழுதவில்லை கண்ணு, மனசில் வைத்துக்கொண்டு தூங்காமல் இருக்காதே. எல்லா உயிரும் நலமாயிருக்க என்று புத்தர் முன்னால் விளக்கேற்றும்போது உன் பெயரை முதலில் சொல்கிறேன், நீ நிறைவாக இருக்க வேண்டும். ஸ்வெட்டர் இல்லாமல் வெளியே போகாதே. மாமாவின் பக்கத்து வீட்டு நம்பரைப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன், ஒரு போன் செய். கம்ப்யூட்டர் பேச்சே எடுக்காதே. சாப்பிட்டீங்களா மாமா என்று மட்டும் கேள்.

அன்புடன் உன் அப்பா,
வரதன்