பொல்லை வெளியே விட்டுப் போன அப்பாவுக்கு

என் அன்பு அப்பா,

மன்னியுங்கோ. வீட்டுக் கதையை நாலு பேர் வாசிக்கிற இடத்தில் எழுதுவது உங்களுக்குப் பிடிக்காது. எனக்கும் கூச்சம்தான். ஆனால் கோபம் கூச்சத்தைவிடப் பெரிதாகிவிட்டது.

போரில் காயப்பட்டவர்களுக்கான உதவிக்கு நீங்கள் கொடுத்த விண்ணப்பம் போன கிழமை திரும்பி வந்தது. வைத்தியப் பரிசோதனை போதாதாம்; விண்ணப்பதாரி மறுபடி நேரில் வரவேண்டுமாம். மயிலிட்டிச் சேமக்காலையில் கல்லறைக்குள் படுத்திருப்பவரை யார் எழுப்பிக் கூட்டிப் போவது?

அந்தப் பரிசோதனையை நான் வாசலில் நின்று பார்த்தேன். முகம் வழித்து, பூசைக்குப் போடுகிற வெள்ளைச் சேட்டோடு வந்தீர்கள். டொக்டருக்கு முன்னால் பொல்லு ஊன்றிப் போவது மரியாதையில்லை என்று, செருப்போடு சேர்த்து அதையும் வெளியே விட்டீர்கள். பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தீர்கள்.

"எப்பிடி ஐயா, சுகமோ?"

"ஓம் டொக்டர், ஆண்டவர் புண்ணியத்திலை சுகம்."

அவ்வளவுதான். சேட்டைக் கழற்றச் சொல்லவில்லை. முதுகில் ஷெல் துண்டு கிடந்த இடத்தைத் தொட்டும் பார்க்கவில்லை. 'உதவியின்றி நடக்கிறார்' என்று எழுதிவிட்டார். ஒரு மனிதன் காட்டிய மரியாதையைச் சுகம் என்று எழுதவா இவ்வளவு படிப்பு? எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி நான். பார்க்காததைப் பார்த்ததாக எழுதினால் எங்களுக்குப் பரீட்சையில் முட்டைதான் போடுவார்கள். அவருக்கு யார் போடுவது?

இப்போது அம்மாவின் முறை. அதே ஷெல்லில் சிதைந்த அவவின் வலக்கையைப் பார்க்க, வருகிற செவ்வாய் வரச் சொல்லியிருக்கிறார்கள். நல்ல சீலையை மினுக்கி வைத்துவிட்டா.

"அம்மா, நோகுது எண்டு வாய்விட்டுச் சொல்லுங்கோ."

"போடி! படிச்ச மனுசருக்கு முன்னாலை மூக்கைச் சிந்திக்கொண்டு நிக்கிறதோ? உன்ரை கொப்பர் ஒருநாளாவது முனகினவரே?"

உங்களைத்தான் உதாரணம் காட்டுகிறா, அப்பா.

செவ்வாய்க்கிழமை நான் வாசலில் நிற்கமாட்டேன். உள்ளே போவேன். குரல் நடுங்கினாலும், அந்தக் கையைத் தொட்டுப் பார்க்காமல் ஒரு வரி எழுத விடமாட்டேன். இது சத்தியம்.

ஆனால் நோவை அவதானே சொல்லவேண்டும்? என் சொல் எடுபடாது. உங்கள் சொல்லை அவ தட்டியதில்லை. இதைக் கேட்கத்தான் இவ்வளவு நேரமும் தயங்கினேன். செவ்வாய்க்கு முன் ஒருக்கால் அம்மாவின் கனவில் வாருங்கோ. உங்களுக்கு எவ்வளவு நொந்தது என்று அவவுக்குச் சொல்லுங்கோ.

உங்கள் கடைக்குட்டி மகள்