ஆறாவது டேபிளின் வெளிச்சம்

2025 ஜனவரி 20, திங்கள்

கிணத்துக்கடவு பனியன் கம்பெனியிலிருந்து மறுபடி போன். நான் விளக்கமைப்பு செய்து கொடுத்த கட்டடம். திறந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. தைத்த துணியைச் சரிபார்க்கும் செக்கிங் ஹாலின் வடக்குப் பக்கம் முழுக்கக் கண்ணாடி. வெளியே வெளிச்சம் கூடினால் உள்ளே விளக்குகள் தாமாக மங்கும். அதற்கென்று ஒவ்வொரு டேபிளின் மேலும் ஒரு சென்சார். ஆறாவது டேபிளில் மட்டும் பட்டப்பகலிலும் விளக்கு முழுசாக எரிகிறதாம்.

"இன்னொருக்கா மாத்திக் குடுத்துருங்க மேடம்" என்றார் மேலாளர் லட்சுமணசாமி. ஏற்கெனவே இரண்டு மாற்றியாகிவிட்டது. அதே இடத்தில் மூன்றுமா கெட்டுப்போகும்?

ஜனவரி 22

ஸ்டூல் போட்டு ஏறிப் பார்த்தேன். சென்சாரின் கண் மேல் ஒரு ஸ்டிக்கர் பொட்டு! மெரூன் கலர். இருட்டிவிட்டது என்று நினைத்து விளக்கை ஏற்றிவிட்டிருக்கிறது, பாவம். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

லட்சுமணசாமி சிரிக்கவில்லை. அடுத்த மாதம் பத்தாம் தேதி பசுமைக் கட்டடச் சான்றிதழுக்கு ஆள் வருகிறார்கள். "கேமரால பாக்கறேனுங்க. யாருன்னு தெரிஞ்சா அன்னைக்கே ஊட்டுக்கு அனுப்பிச்சுபோடுவேன்."

ஜனவரி 23

விளக்கு மங்கினாலும் டேபிளில் மீட்டர் 520 லக்ஸ் வெளிச்சம் காட்டுகிறது. துணியில் ஊசி ஓட்டைகூடத் தெரியும். பிறகு எதற்குப் பொட்டு?

ஜனவரி 27

காலையிலிருந்து ஹாலிலேயே உட்கார்ந்திருந்தேன். ஆறாவது டேபிளில் எதிரெதிரே இரண்டு பெண்கள் – உம்மல் குல்சும், இருதயம்மாள். இருவருக்கும் காது கேட்காது. துணியைப் புரட்டுகிற நேரம் போக மற்ற நேரமெல்லாம் கைகளால் அப்படி ஒரு பேச்சு.

பத்து மணிக்கு வெயில் ஏறியது. விளக்கு மங்கியது. குல்சும் கண்ணை இடுக்கினாள், தலையைச் சாய்த்தாள். பேச்சு நின்றுவிட்டது. இருதயம்மாள் பையிலிருந்து பொட்டு அட்டையை எடுத்து நீட்ட, இவள் ஸ்டூலில் ஏறினாள். ஏறியவள் என்னைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள்.

நோட்டை நீட்டினேன். எழுதினாள்: "விளக்கு குறையும். அக்கா முகம் கருப்பு. பேச்சு தெரியாது."

அவள் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தேன். இருதயம்மாளுக்குப் பின்னால் கண்ணாடி முழுக்க வானம் கொதிக்கிறது. முகம் இருந்த இடத்தில் வெறும் நிழல். கைகளும் அப்படியே. மீட்டரை நிமிர்த்தி அவர் கன்னத்தருகே பிடித்தேன் – 60!

எட்டு வருஷமாக மீட்டரை டேபிளில் படுக்க வைத்தே அளந்திருக்கிறேன். துணிக்கு அளந்தேன். ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்க எவ்வளவு வேண்டும் என்று ஏன் தோன்றவேயில்லை?

ஜனவரி 28

ஆல்வினிடம் சொன்னேன். எங்கள் விளக்கமைப்புக் கம்பெனியில் பாதி அவனுடையது. "பொட்டை எடுத்துப்போட்டு செட்டிங்கை மட்டும் மாத்திரு கெசியா. ஒருத்தருக்கும் தெரியாது. நம்ம டிசைன் தப்புன்னு நீயே எழுதிக் குடுப்பியா?"

அவன் சொல்றதும் சரிதானே. ஆனா கேமரா? அந்த ரெண்டு பேரு? – நேத்தே லட்சுமணசாமிகிட்ட சொல்லியிருக்கலாம். பயந்துட்டேன், வேறென்ன.

ஜனவரி 30

நான் போய்ச் சேர்வதற்குள் கேமராவில் பிடிபட்டு இருவரும் லட்சுமணசாமி அறையில் நின்றுகொண்டிருந்தார்கள். இருதயம்மாள் அழுதுகொண்டிருந்தார்.

"சார், தப்பு இவங்க மேல இல்லீங்க. என் மேல."

லட்சுமணசாமியைக் கூட்டிப்போய்க் குல்சும் நாற்காலியில் உட்கார வைத்தேன். எதிரே நான் உட்கார்ந்து, சத்தம் வராமல் வாயை மட்டும் அசைத்தேன்.

"என்ன சொன்னேன்னு தெரியுதுங்களா?"

மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினார். "மூஞ்சியே தெரியலீங்களே அம்மணி."

எழுந்து நாற்காலியைத் தள்ளி வைத்தார். பிறகு, "அந்தப் புள்ளைங்கள வேலையப் பாக்கச் சொல்லுங்க" என்றார்.

பிப்ரவரி 1

விளக்கை முழுசாக எரியவிடுவது வழியல்ல, அது வீண். முதலில் திரை போட்டேன். குல்சும் தலையாட்டி மறுத்தாள். வெளிச்சம் முகத்தில் திரும்பிப் படட்டும் என்று எதிர்ச்சுவரில் வெள்ளை போர்டு வைத்தேன். அதற்கும் மறுப்பு. கடைசியில் டேபிளையே கால்வட்டம் திருப்பினோம். இப்போது கண்ணாடி இருவருக்கும் தோள் பக்கம். விளக்கு பாதிக்குக் கீழே மங்காதபடி செட்டிங். அவர்கள் முகத்தருகே மீட்டர் 210 காட்டியது.

குல்சும் ஏதோ சொல்ல, இருதயம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். என்னைப் பற்றித்தான் இருக்கும்.

பிப்ரவரி 10

மிச்சமாகும் மின்சாரம் சொன்ன கணக்கைவிடக் குறைவு. தங்கம் இல்லை, வெள்ளிச் சான்றிதழ்தான். திரும்பும்போது ஆல்வின் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு காரை ஓட்டினான். ஈச்சனாரி தாண்டியதும் கேட்டான்: "அந்த 210-ஐ எப்படி அளந்த?"

மார்ச் 5

வெள்ளகோவிலில் பனியன் கம்பெனியின் இரண்டாவது யூனிட். இப்போதைக்குத் தூணும் கூரையும்தான். வேலை எங்களுக்கே. "குல்சுமையும் கூட்டிட்டுப் போயிட்டு வாங்க. அந்தப் புள்ள உக்காந்து பாத்துச் சொல்லட்டும்" என்று லட்சுமணசாமி வண்டி ஏற்பாடு செய்திருந்தார்.

குல்சும் ஹாலை இரண்டு சுற்று சுற்றி வந்தாள். நான்காவது தூணருகே ஒரு சிமெண்ட் மூட்டையில் உட்கார்ந்து, என்னை எதிர் மூட்டைக்குக் கைகாட்டினாள். உட்கார்ந்தேன். கைகளால் பேச ஆரம்பித்தாள். முகம், விரல், புருவத்தின் சின்னச் சுளிப்புவரை எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. ஒரு சொல்கூடப் புரியவில்லை.

மெதுவாக மறுபடி சொல்லச் சொன்னேன்.