தலையில்லாத ஆளுக்கும் சேர்த்து ஒரு பிரேம்

என் லூர்துக்கு,

நீ போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. ஆண்டுத் திருப்பலிக்கு உன் படம் ஒன்று பெரிதாக வேண்டும் என்றார் உன் அண்ணன். அதற்காகப் போன ஞாயிற்றுக்கிழமை படப்பையில் பிரேம் போடும் பாய் கடைக்குப் போனேன். அங்கே நடந்ததை உன்னிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. எழுதினால் நீ படிப்பாயா என்பது வேறு விஷயம். நான் எழுதியதை நீ என்றைக்கு ஒழுங்காகப் படித்தாய்? மளிகைச் சீட்டைக்கூட, “கோழி கிண்டனாப்ல கீது, நீங்களே படிங்க” என்று திருப்பிக் கொடுத்தவள்தானே.

உன் படத்துக்கு அதிக வேலையில்லை. அந்த அளவுக்குச் சட்டம் தயாராகவே தொங்கியது. பத்து நிமிடத்தில் கண்ணாடி போட்டு, பின்னால் ஆணி அடித்துக் கொடுத்துவிட்டார் பாய். கிளம்பலாம் என்று திரும்பினால், கூட வந்த நம் மகள் ஜெனி தன் பையிலிருந்து உன் பழைய புடவைக் கவரை எடுத்து மேசைமேல் வைக்கிறாள்.

“அம்மா தச்சதுக்கும் போட்டுருப்பா.”

எனக்குத் திக்கென்றது. ஏன் என்று உனக்குத் தெரியும்.

மாடி வீட்டில் நாம் குடியிருந்தபோது எதிரேதான் கம்பெனி பஸ் நிற்கும். முதல் ஷிப்டுக்குக் காத்திருக்கும் ஆட்களைத் தினமும் வாசலில் நின்று பார்ப்பாய். அதைத்தான் கட்டம் போட்ட துணியில் கிராஸ் ஸ்டிச்சாகத் தைக்க ஆரம்பித்தாய். ஒரு வெள்ளைப் பஸ், ஏறுவதற்கு வரிசையாக ஏழு பேர். எல்லாருக்கும் கடைசியில் சாப்பாட்டுப் பையோடு நான். வல்லம் வடகால் தொழிற்பேட்டையில் பன்னிரண்டு வருடமாக மெயின்டனன்ஸ் ஃபிட்டர், ஒருநாள்கூடப் பஸ்ஸைத் தவறவிட்டதில்லை. இருந்தாலும் உனக்கு நான் கடைசி ஆள்தான்.

ஆறு பேரை முடித்து, என்னைக் கால்சட்டையிலிருந்து காலர்வரை தைத்துக் கொண்டுவந்திருந்தாய். அப்போதே பிரேமுக்கு ரேட்டு கேட்டுவிட்டு வந்தாய்.

“இன்னாங்க, பஸ்ஸு நீளமா கீதுல்ல, அளவெடுத்துதான் செய்யணுமாம். ரெண்டாயிரத்து நானூறு சொல்றாரு பாய்.”

“துணியும் நூலும் நானூறு ரூவா. சட்டத்துக்கு ரெண்டாயிரத்து நானூறா? சுண்டைக்கா கால்பணம், சுமைகூலி முக்கால்பணம்ங்கிற கதையால்ல இருக்கு!”

நீ சிரித்தாய். “அப்ப உங்களுக்குத் தலை கெடையாது. அப்டியே நில்லுங்க” என்றாய். அதை மடித்து பீரோமேல் வைத்தாய். பிறகு நீ அதை எடுத்து நான் பார்க்கவில்லை. ஆறு மாதத்தில் உனக்குக் காய்ச்சல் வந்தது. நாலே நாள்.

அந்தச் சிரிப்பு நிஜச் சிரிப்பா லூர்து? விளையாட்டுக்குச் சொன்னாயா, மனசு நொந்து சொன்னாயா? ஒரு வருடமாக என்னை அரித்துக்கொண்டிருந்தது இதுதான். அதே மாதம் என் பைக்குக்கு சீட் கவரும் கிராஷ் கார்டும் போட்டேன். அதற்கு மட்டும் எனக்குப் பழமொழி எதுவும் ஞாபகம் வரவில்லை. இதை யாரிடம் போய்ச் சொல்வேன்? துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லாம், உன்னை நான் தாங்கு தாங்கு என்று தாங்கியதாகச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

பாய் துணியை விரித்து டேப் வைத்தார். நீளம் இரண்டேகால் அடி, உயரம் பத்து அங்குலம். உதட்டைப் பிதுக்கி, ஒரு ஓரத்தை மடித்துக் காட்டினார்.

“ரெடிமேட்ல இந்த அளவு வராது சார். ஒண்ணு பண்லாம், ஓரத்த மடிச்சு உட்டுட்டா கம்மில முடிஞ்சுரும். கடேசி ஆளுக்குத் தலையே இல்ல, அவர் போனா இன்னா?”

“பாய், அந்த ஆளு நாந்தேன்.”

இத்தனை வருடம் இங்கே இருந்தும் அவசரத்தில் சிவகங்கைப் பேச்சு வந்துவிடுகிறது. பாய் என்னையும் துணியையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மடித்த ஓரத்தை மெதுவாகத் தடவி நிமிர்த்தினார். உடனே “ஸ்ஸ்” என்று விரலை உதறினார். ஓரத்து மடிப்புக்குள் ஊசி இருந்தது. நூல் கோத்த ஊசி, கறுப்பு நூல். அது எங்கிருந்து வருகிறது என்று கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தேன். என் காலருக்கு மேலே, கழுத்துக்கு இடம்விட்டு, கறுப்பில் நாலு தையல். நாலே நாலு.

நீ ஆரம்பித்திருக்கிறாய்! நான் வேலைக்குப் போயிருந்த ஏதோ ஒரு பகலில், என்னிடம் சொல்லாமல், எனக்குத் தலை வைக்க உட்கார்ந்திருக்கிறாய். கோபமாக இருந்தவள் அதைச் செய்வாளா? அந்த நாலு தையல் முடிக்கா முகத்துக்கா என்று தெரியவில்லை. “உங்க கலருக்கு ரெண்டுக்கும் அதே நூல்தான்” என்று நீ சொல்வது எனக்குக் கேட்கிறது. கடையிலேயே அழுதுவிட்டேன். ஜெனி சுவரில் தொங்கிய சட்டங்களைப் பார்ப்பதுபோலத் திரும்பி நின்றாள். பாய் எழுந்துபோய் ஃபேனை வேகமாக வைத்தார்.

அப்புறம்தான், “ஊசிய எடுத்துட்லாமா சார்?” என்று கேட்டார். ஜெனியும் நானும் ஒரே குரலில் வேண்டாம் என்றோம். ஊசி இருந்தால் கண்ணாடி துணியில் படக்கூடாது, ஆழமான பெட்டிச் சட்டம் வேண்டும் என்றார். பசை போட்டால் துணி மஞ்சளாகும், அட்டையில் இழுத்து நூலால் கட்ட வேண்டும், அதற்கே அரைநாள் என்றார். ஊசி துருப்பிடிக்குமே என்றார். துருவைப் பற்றி எனக்கே பாடமா? ஷூ டப்பாவில் வரும், ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்தை மறுநாள் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

மொத்தம் நாலாயிரத்து நூறு. பேரம் பேசவில்லை. முருங்கைக்காய்க்கே கால்மணி நேரம் பேசுகிறவன் வாயை மூடிக்கொண்டு நிற்பதை ஜெனி அதிசயமாகப் பார்த்தாள். நீ கேட்டபோதே இப்படி நின்றிருக்கலாம். நின்றிருந்தால் அதை மாட்டிவைத்து நீ பார்த்திருப்பாய். அந்த வருத்தம் எனக்குப் போகாது, போகவும் வேண்டாம்.

பணம் கொடுக்கும்போது ஜெனி என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். “அம்மா உட்டதுலேர்ந்து நான் தைக்கட்டுமாப்பா? இப்ப இல்ல. எனக்கு நல்லா வந்தப்புறம்.”

பாயிடம் ஒன்றே ஒன்று கேட்டேன். பின்னால் ஆணி அடிக்க வேண்டாம், நாலு மூலையிலும் ஸ்க்ரூ போடுங்கள் என்றேன்.

“யாரு சார் அத்தத் தொறக்கப் போறாங்கோ?”

“தொறக்க முடியாத மிஷின ரிப்பேர் பண்ண முடியாது பாய்.”

நேற்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டினேன். உன் அண்ணன் வந்து வெகுநேரம் பார்த்துவிட்டு, “யார்ரா அது கடேசில, தலையக் காணோம்?” என்றார்.

“அப்பாதான் மாமா. வந்துகினே கீறாரு” என்றாள் உன் மகள்.

ஸ்க்ரூடிரைவரைச் சட்டத்துக்குப் பக்கத்திலேயே ஒரு ஆணியில் தொங்கவிட்டிருக்கிறேன். அவள் என்றைக்குக் கேட்டாலும், எந்த ஷிப்ட் முடித்து வந்திருந்தாலும், அந்த நிமிடமே கழற்றிக் கொடுப்பேன். எவ்வளவு ஆகும் என்று கேட்க மாட்டேன். தலை கோணலாக வந்தாலும் வாயைத் திறக்க மாட்டேன். இது உன்மேல் சத்தியம்.

அதுவரை வரிசையில் கடைசியாக,
நீ வைத்த நாலு தையலோடு நிற்கும்
உன் வீட்டுக்காரன்,
சூசை