பெயர்ப் பலகை

அன்பு மகளே,

நேற்று நீ ஆசிரியையாக இருக்கும் பள்ளியில் நூலகத் திறப்பு விழா முடிந்ததும் நான் சாப்பிடாமல் கிளம்பிவிட்டேன். நீ கேட்டதற்குத் தலைவலி என்றேன். அது பொய்.

உங்கள் மாசாய் ஊர்ப் பக்கம் வரும் புகைக்கு வடிகட்டி மாற்றியே ஆகவேண்டும் என்று, எங்கள் ஆலைப் பொறியாளர் போன மார்ச்சில் இயக்குநர் குழுவிடம் கெஞ்சினார். தலைவர் சிரித்தார். "வடிகட்டிய யாரு ஃபோட்டோ எடுப்பாங்க? அங்க இருக்குற ஸ்கூலுக்கு ஒரு லைப்ரரி கட்டிக் குடுத்துடலாம் லா" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "டாக்டர், நீங்க என்ன சொல்றீங்க?" என்று கேட்டார்.

முப்பது வருஷம் அரசு மருத்துவமனையில் நுரையீரல் நோயாளிகளைப் பார்த்தவன் நான். அதற்காகத்தான் என்னைக் குழுவில் வைத்திருக்கிறார்கள்.

"நல்ல யோசனை" என்றேன். வடிகட்டி தள்ளிப்போனது.

நேற்று படம் எடுக்கும்போது பிள்ளைகளிடம் முகக்கவசத்தைக் கழற்றச் சொன்னார்கள். என் பக்கத்தில் நின்ற சிறுமி கழற்றியதும் இரும ஆரம்பித்தாள். எந்த மாதிரி இருமல் என்று எனக்குக் கேட்டவுடன் தெரிந்தது. "சாரி டாக்டர்" என்று அவள் என்னிடம் மன்னிப்புக் கேட்டாள்.

"இவரு எங்கப்பா" என்று நீ அவளிடம் பெருமையாகச் சொன்னாய்.

அடுத்த கூட்டத்தில் பேசுவேன் என்று இந்த இடத்தில் எழுதினேன். பிறகு அடித்துவிட்டேன்.

நூலகத்தைத் திறந்துவைத்தவர் என்று என் பெயர் பொறித்த பலகையை இன்னும் மாட்டவில்லை என்றாய். மாட்டும்போது, பிள்ளைகள் படிக்க முடியாத உயரத்தில் மாட்டம்மா.

அப்பா